நோய் வராதவர்களின் பட்டியல்

சென்ற மாதம் என்னுடைய பழைய கந்தோருக்கு, நான் வேலை பார்த்த சுகாதார அலுவலகத்துக்கு, போயிருந்தேன். ஓய்வு பெற்று இரண்டு வருடமாகியும், அந்த வாசலில் கால் வைத்ததும் குளோரின் வாடை மூக்கில் ஏறினால்தான் எனக்கு நாள் தொடங்கியது மாதிரி இருக்கும். இப்போது அங்கே வேலை செய்கிறவர்கள் நோய் விசாரணைப் படிவம் முழுவதையும் கைபேசிக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். “சேர், ஒருக்காப் பாருங்களேன். ஏதும் குறை இருந்தாச் சொல்லுங்க” என்று என் கையில் தந்தார்கள். விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டு போனேன். எல்லாம் அழகாகத்தான் இருந்தது. குடிநீர் என்ற இடத்துக்கு வந்தால் இரண்டே இரண்டு பெட்டி: கொதிக்க வைத்தது, கொதிக்க வைக்காதது. ஒன்றைத் தொட்டால்தான் அடுத்த பக்கம் திறக்குமாம்.

எனக்கு வந்ததே ஒரு கோபம்! “இந்த ரெண்டு பெட்டியை நம்பித்தானே நான் மூணு கிழமை நாசமாக்கினேன்! இன்னுமா இதை வச்சிருக்கீங்க?” என்று சத்தம் போட்டுவிட்டேன். கந்தோரில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். என்ன நடந்தது என்று கேட்டார்கள். நின்ற நிலையில் பாதியைத்தான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து எழுதித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். அதுதான் இது.

நான் கண்டிக்குப் பக்கத்தில் மடவளையில் பிறந்தவன். வாப்பாவுக்குப் பசாரில் துணிக்கடை. மூத்த மகன் கடையில் இருக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. கதிரையில் அரை மணி நேரம் சும்மா இருந்தால் எனக்குக் கால் துடிக்கும், கடையில் எங்கே இருப்பது? பரீட்சை எழுதி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பயிற்சிக்குத் தெரிவானேன். பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. காலையில் பாடம், பின்னேரத்தில் சாக்கடைக் கான், கழிவறை, இறைச்சிக்கடை, பேக்கரி. வகுப்பில் மயங்கி விழாதவர்கள் இறைச்சிக்கடையில் விழுந்தார்கள். நான் இரண்டிலும் விழவில்லை. காக்கிச் சட்டையும் மோட்டார் சைக்கிளுமாகக் கண்டிக்குத் திரும்பி வந்தேன்.

பி.எச்.ஐ., அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், என்றால் ஹோட்டல்காரரைப் பயமுறுத்துகிற ஆள் என்றுதான் ஊரில் நினைப்பு. எங்களுடைய உண்மையான வேலை வேறு. ஒருவருக்கு வந்த நோய் எந்த வழியாக வந்தது, அடுத்தது யாரிடம் போகப் பார்க்கிறது, நடுவில் எந்த இடத்தில் மறிக்கலாம் என்று கண்டுபிடிப்பது. டெங்குக் காலத்தில் கண்டி டவுனில் ஒரு பெரிய வீடு. அந்த வீட்டில் மூன்று பேருக்குக் காய்ச்சல். தோட்டக்காரர் வைத்துப் பராமரிக்கிற வளவு, கண்ணாடி மாதிரி சுத்தம். என்னோடு வந்தவர்கள் கையை விரித்துவிட்டார்கள். நான் குசினிக்குப் போய், குளிர்சாதனப் பெட்டியைத் தள்ளி, பின்பக்கத்துத் தட்டை இழுத்தேன். அதில் தேங்கிய தண்ணீரில் நுளம்புக் குடம்பி, அதுதான் கொசுப்புழு, நெளிந்துகொண்டிருந்தது! வீட்டுக்கார அம்மா வாயில் கையை வைத்தார். நான் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தால், என்னுடைய மனைவி சல்மா ஒரு போத்தலைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். எங்கள் வரவேற்பறையில் இருந்த மணிப்பிளாண்ட் போத்தல். “ஊருக்கெல்லாம் நோட்டீஸ் குடுக்கிறீங்க. எங்கட வீட்டுக்கு எப்ப குடுக்கப் போறீங்க?” உள்ளே ஏழெட்டுக் குடம்பி. இதைக் கந்தோரில் நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. இப்போது ஓய்வூதியக்காரன், சொன்னால் என்ன?

இனி அந்த மூன்று கிழமையின், மூன்று வாரத்தின், கதைக்கு வருகிறேன். அதற்கு முன் எங்கள் சுகாதார வைத்திய அதிகாரியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

டொக்டர் சிவகௌரி யாழ்ப்பாணத்துக்காரர். மெலிந்த உருவம், மெலிந்த குரல். அவர் வந்த முதல் கிழமையில் “இந்த அம்மா எங்கே இந்த மலையெல்லாம் ஏறப் போறா” என்று நாங்கள் பேசிக்கொண்டது உண்மை. கத்துகிற அதிகாரியைச் சமாளித்துவிடலாம். கத்தி முடியும் வரை தலையைக் குனிந்து நின்றால் போதும். இவர் கத்தமாட்டார். “இருங்கோ நிசார்” என்று கதிரையைக் காட்டுவார். கட்டம் போட்ட தாள் ஒன்றை மேசையில் விரித்து, பென்சிலைக் கூராக்குவார். ஒரு நோயாளிக்கு ஒரு கட்டம். நோய் தொடங்கிய நாளுக்கு நேரே அந்தக் கட்டத்தை நிறைப்பார். ஆஸ்பத்திரிக்குப் போன நாளைச் சொன்னால் ஏற்கமாட்டார். முதல் நாள் சோறு பிடிக்காமல் போனது எப்போது, அந்த நாள் வேண்டும். நான் எதையாவது அடித்துச் சொன்னால் பென்சிலை நிறுத்திவிட்டு, “எப்பிடித் தெரியும்?” என்று கேட்பார். அவ்வளவுதான். அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் நான் எத்தனை தடவை மறுபடி மோட்டார் சைக்கிளை உதைத்திருக்கிறேன் என்று எனக்கே கணக்கில்லை. ஆரம்பத்தில் எரிச்சலாக வரும். போகப்போக, அவர் கேட்பதற்கு முன்னால் நானே என்னைக் கேட்கத் தொடங்கிவிட்டேன்.

மடுல்கெல்லைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். பெயர் வேண்டாம். அங்கிருந்து மஞ்சட்காமாலை என்று ஆஸ்பத்திரி அறிவித்தல்கள் வரத் தொடங்கின. முதலில் ஒன்று, அடுத்த கிழமை இரண்டு, அதற்கடுத்த கிழமை ஐந்து. அசுத்தத் தண்ணீராலும் உணவாலும் பரவுகிற வகை. இதில் ஒரு பொல்லாத குணம் உண்டு: கிருமி உள்ளே போய் ஏறக்குறைய ஒரு மாதம் கழித்துத்தான் கண் மஞ்சளாகும். போன மாதம் எதைக் குடித்தீர்கள் என்று கேட்டால் யாருக்கு ஞாபகம் இருக்கும்? எனக்கே நேற்றைக்குக் கறி என்னவென்று மறந்துவிடும்.

போனேன். தொழிலாளர் குடியிருக்கிற லயத்துப் பீலிகள் மூன்றிலும் தண்ணீர் மாதிரி எடுத்தேன். பீலி என்றால் அங்கே எல்லாரும் தண்ணீர் பிடிக்கிற குழாய் வாய். அதை நன்றாகத் துடைத்து, நெருப்புக் காட்டி, இரண்டு நிமிடம் தண்ணீரை ஓட விட்டு, கிருமி நீக்கிய போத்தலின் அடியைப் பிடித்து, மூடியைக் கீழே வைக்காமல் அதே கையின் விரலிடுக்கில் வைத்துக்கொண்டு பிடிக்க வேண்டும். போத்தலை வாய்வரை நிறைக்கக் கூடாது. உடனே ஐஸ் பெட்டியில் வைத்து, அன்றைக்கே ஆய்வுகூடத்தில் கொடுத்துவிட வேண்டும். எல்லாம் முறைப்படிதான் செய்தேன். முடிவு வந்தது. மூன்றும் சுத்தம்!

நோய் வந்தவர்கள் பெரும்பாலும் ஒரே கொழுந்துக் கூட்டத்துப் பெண்கள். ஒரே மலையில் கொழுந்து எடுப்பவர்கள், பத்து மணிக்கு ஒரே வாளித் தேத்தண்ணி குடிப்பவர்கள். அந்த வாளிக்குப் பொறுப்பு பவளம். நாற்பது வயதிருக்கும். எனக்கு அவரை நன்றாகத் தெரியும், அதுதான் சங்கடம். முந்தின வருடம் வயிற்றோட்டம் பரவியபோது பிள்ளை மடுவத்தில், அதாவது வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற இடத்தில், நான் ஒரு வகுப்பு வைத்தேன். “கொதிக்க வைக்காத தண்ணி ஒரு சொட்டும் வாயில படக் கூடாது” என்று தொண்டை கிழியக் கத்தினேன். அதை அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொண்டவர் பவளம். இந்தத் தடவை நான் போனபோதும் அடுப்பை எனக்குக் காட்டினார்.

“பாருங்க ஐயா, நீங்க சொன்ன மாதிரியே தளதளன்னு கொதிச்சாத்தான் தூளைப் போடுவேன். ஒரு நாளும் தவறுனது கெடையாது.”

நான் படிவத்தில் ‘கொதிக்க வைத்தது’ என்ற பெட்டியில் சரி போட்டேன். கூட்டத்தில் ஒவ்வொருவரையும் கேட்டேன். தேத்தண்ணி கொதிக்க வைத்ததா? “ஆமாங்க ஐயா, கொதிக்கக் கொதிக்கத்தான்.” எல்லாப் பெட்டியிலும் சரி.

அதற்கிடையில் அதே கூட்டத்தில் ராணி என்ற பெண்ணின் தங்கை மேனகாவுக்கு நோய் கடுமையாகிவிட்டது. வாந்தி நிற்காமல் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ராணிக்கு வாய் நீளம், தங்கை மேல் உயிர். அடுத்த நாள் மலையில், எல்லாரும் பார்த்திருக்க, பவளத்தின் வாளியை எட்டி உதைத்தார். தேத்தண்ணி முழுவதும் தேயிலைச் செடிக்குப் போயிற்று. “இவ கையிலதான் சீக்கு இருக்கு! இனி இவ குடுக்குற எதுவும் எங்க தொண்டையில எறங்காது!” கூட்டம் முழுவதும் ராணியின் பக்கம். தோட்டத்து முகாமையாளர் பவளத்தைத் தேத்தண்ணி வேலையிலிருந்து நிறுத்தி, முத்தையா என்பவரைப் போட்டார். அதோடு முடியவில்லை. பீலியில் பவளம் குடம் வைத்தால் மற்றவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு விலகினார்கள். அவருடைய மகள் பாடசாலையில் தனி வாங்கில் உட்கார்ந்தாள். இந்தக் குடும்பத்தையே வேறு பிரிவுக்கு அனுப்புங்கள் என்று ராணியும் இன்னும் சிலரும் பெரட்டில், அதுதான் காலையில் ஆள் கணக்கெடுக்கிற இடத்தில், கேட்டிருக்கிறார்கள். மாத முடிவில் பார்க்கலாம் என்று முகாமையாளர் சொன்னாராம்.

பவளம் என்னைத் தேடி வந்தார்.

“ஐயா, நான் கொதிக்க வச்சேன். நீங்களே கண்ணால பாத்தீங்க. அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க ஐயா. பொறந்ததுல இருந்து இந்த லயத்துலதான் இருக்கேன். எங்க போவேன்?”

நான் என்ன சொல்வேன்? பீலி சுத்தம். தேத்தண்ணி கொதித்தது. மிஞ்சி நிற்பது பவளத்தின் கை மட்டும். அவருடைய இரத்தத்தையும் சோதித்துப் பார்த்தோம், நோய் இல்லை. ஆனால் நோய் வந்த வழி இதுதான் என்று ராணியிடம் காட்டுவதற்கு என்னிடம் வேறு எதுவும் இல்லை. “பார்ப்பம்” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

கந்தோரில் டொக்டர் என் பட்டியலை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பென்சிலைக் கீழே வைத்தார்.

“நிசார், வருத்தம் வந்த ஆக்களை மட்டும் எழுதிக்கொண்டு வந்திருக்கிறீங்கள். வராத ஆக்கள் எங்க?”

“வராதவங்களை எதுக்கு மெடம்?”

“ஒரே மலை, ஒரே வாளி எண்டு சொல்லுறீங்கள். அப்ப ஏன் அவைக்கு வரேல்ல? அவையைப் போய்க் கேளுங்கோ.”

தோட்டத்துக்குத் திரும்பிப் போனேன். சுகமாக இருப்பவரிடம் போய் உங்களுக்கு ஏன் நோய் வரவில்லை என்று கேட்டுப் பாருங்கள்! “எனக்கு ஒண்ணும் இல்லீங்களே ஐயா, என்னையை எதுக்கு எழுதுறீங்க?” என்று பயந்தார்கள். சிலர் சிரித்தார்கள். “ஐயாவுக்கு மஞ்சக்காமால பத்தலயாம், தேடி வந்திருக்காரு” என்று பின்னால் யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. விழட்டும் என்று எழுதிக்கொண்டே போனேன். வயதான பெண்கள் பலருக்கு, ராணிக்கும்கூட, சின்ன வயதிலேயே இந்த நோய் வந்து போயிருந்தது. ஒரு தடவை வந்தவருக்கு மறுபடி வராது. அவர்களை ஒதுக்கினேன். அண்மையில் கூட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு நோய் தெரிய இன்னும் நாள் இருந்தது, அவர்களையும் ஒதுக்கினேன். மீதிப் பேரில், இத்தனை நாளும் அதே மலையில் நின்று தப்பியவர்கள் இரண்டே இரண்டு பேர்.

ஒருவர் கைக்குழந்தைக்காரி. பத்து மணி விசில் ஊதியதும் பால் கொடுக்கப் பிள்ளை மடுவத்துக்கு ஓடிவிடுவார். மலையில் தேத்தண்ணி குடிப்பதே இல்லை. அப்படியென்றால் தேத்தண்ணிதான்! ஆனால் அடுத்தவர் சரோஜா. ஒரு நாள் விடாமல் அதே வாளியில் குடிக்கிறவர்.

“நீங்க தேத்தண்ணி குடிப்பீங்கதானே?”

“நல்லா குடிப்பேனே! கோப்பை நெறையக் குடிப்பேன்.”

“மத்தவங்க குடிக்கிற அதே தேத்தண்ணி?”

“அதேதாங்க ஐயா. ஆனா நான் முந்தியே போய் வாங்கிருவேன். கலந்துட்டா சூடு போயிரும். சூடில்லாத தேத்தண்ணி என்னா தேத்தண்ணி?”

“கலக்குறதா?” என்றேன். “என்னத்தைக் கலக்குறது?”

சரோஜா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். இவருக்கு இதுகூடத் தெரியாதா என்ற பார்வை. “பச்சத் தண்ணிதான்” என்றார்.

அடுத்த நாள் ஒன்பதரைக்கே மலையில் போய் நின்றேன். முத்தையா கொழுந்து நிறுக்கிற மடுவத்து அடுப்பில் வாளியைக் கொதிக்க வைத்தார். மூடி போட்டுத் தூக்கிக்கொண்டு ஏறினார். கங்காணி விசில் ஊதினார். பெண்கள் கூடையோடு நிரையை விட்டு இறங்கி வந்தார்கள். சரோஜா ஓடிவந்து முதல் ஆளாகக் கோப்பையை நீட்டி வாங்கிக்கொண்டார். பிறகு முத்தையா, ஒரு ஜொக்கை எடுத்து, பாதையோரத்தில் கல்லிடுக்கிலிருந்து வடிகிற ஊற்றுத் தண்ணீரைப் பிடித்து, வாளிக்குள் ஊற்றினார். ஒன்று. இரண்டு. மூன்று. கரண்டியால் கலக்கினார்.

“ஏன்?” என்று கேட்டேன்.

“இல்லாட்டி குடிக்க ஏலாதுங்களே ஐயா. பத்து நிமிசந்தான். வரிசையில வாங்கவே அஞ்சு நிமிசம் போயிரும். கொதிக்கிறதை எப்புடிக் குடிக்கிறது? கங்காணி விசில் ஊதிருவாரு.”

பவளமும் இதைத்தான் செய்தார். அவருக்கு முன்னால் இருந்தவரும் இதைத்தான் செய்தார். இதில் ஒளிக்க எதுவும் இல்லை. கொதித்ததா என்று கேட்டேன், கொதித்தது என்றார்கள். கேட்டதற்குச் சரியான பதில்தான். நானும் பெட்டியில் சரி போட்டுக்கொண்டு திரிந்தேன். கொதிக்க வையுங்கள் என்று தொண்டை கிழியக் கத்திய நான், கொதித்ததை ஆறவைக்க அவர்களுக்கு நேரம் இருக்கிறதா என்று ஒரு தடவையாவது கேட்டேனா? கண்டுபிடித்துவிட்டேன் என்று துள்ளிக் குதிக்கவும் தோன்றியது, என்னை நானே செருப்பால் அடிக்கவும் தோன்றியது.

குடித்துக்கொண்டிருந்தவர்களைத் தடுத்து, வாளியைக் கொட்டவைத்தேன். ஊற்றின் வழியே மேலே ஏறினேன். அட்டை கடித்துக் காலெல்லாம் இரத்தம். ஊற்றுக்கு நேர் மேலே, புதருக்குப் பின்னால், புதிதாக ஒரு மலசல கூடம். கொழுந்து எடுக்கும் பெண்கள் ஒதுங்க இடமில்லாமல் பட்ட பாட்டைப் பார்த்து, சில மாதங்களுக்கு முன் தோட்டம் கட்டிக் கொடுத்தது. நல்ல காரியம்தான். இடம்தான் பிழை. மழைக்குக் குழி ஊறி, கல்வெடிப்பு வழியே கீழே இறங்கியிருக்க வேண்டும். ‘வேண்டும்’ என்றால் டொக்டர் விடுவாரா? தொலைபேசியில் சொன்னதுமே, “எப்பிடித் தெரியும்?” என்றார். கேட்டுவிட்டு, “நிப்பாட்டினது நல்ல வேலை. நாளைக்கு நானும் வாறன்” என்றார்.

சேலையை இழுத்துச் செருகி, றப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, எங்களுக்கு முன்னால் ஏறினார் அந்த மெலிந்த மனுசி. குழாய் ஒழுக்குப் பார்ப்பவர்களிடம் கேட்டு வாங்கிய பச்சைச் சாயம் ஒரு போத்தல் அவர் பையில். கூட்டம் முழுவதையும் கூப்பிட்டு நிறுத்தி, எல்லாரும் பார்க்கச் சாயத்தைக் குழியில் ஊற்றி, பின்னால் பத்துப் பன்னிரண்டு வாளித் தண்ணீரும் ஊற்றச் சொன்னார். ஊற்றில் உடனே ஒன்றும் வரவில்லை. சிலர் முணுமுணுத்தார்கள். மறுநாள் காலையில் போனால், எங்களுக்கு முதல் ராணி அங்கே நிற்கிறார்.

“அடியாத்தே! பச்சையா வருது!”

கல்லிடுக்கில் இருந்து பளீரென்று பச்சைத் தண்ணீர். இத்தனை நாளும் தேத்தண்ணியில் கலந்தது எங்கிருந்து வந்தது என்று ஒருவருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டு பெண்கள் ஓரமாகப் போய் ஓங்கரித்தார்கள். ஆனால் ராணி ராணிதான்.

“சரி, ஊத்துல இருந்துதான் வந்துச்சு. அதைக் கொண்டாந்து கலந்தது யாரு? பவளந்தானே?”

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. “சீக்கிரம் ஊத்து, சீக்கிரம் ஊத்துன்னு கோப்பையை நீட்டுனது யாரு? நீங்க. பத்து நிமிசத்துல விசில் ஊதுனது யாரு? கங்காணி. கொதிக்க வைங்கன்னு சொல்லிட்டு, அதை எப்படிக் குடிப்பீங்கன்னு கேக்காமப் போனது யாரு? நான்! குத்தம் சொல்றதுன்னா எல்லாருக்கும் சேத்துச் சொல்லுங்க.”

பவளம் கூட்டத்துக்குப் பின்னால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். “அப்ப என் கையாலதானா ஐயா எல்லாருக்கும் போச்சு?” என்று பிறகு என்னிடம் கேட்டு அழுதார். பொய் சொல்ல எனக்கு மனமில்லை. “உங்க கையால போச்சு, பவளம். உங்க கையில இருந்து வரல்ல” என்றேன்.

முகாமையாளரின் கந்தோரில் அடுத்த போராட்டம். குழியை மூடவும், மலசல கூடத்தை இடம் மாற்றவும் அவர் உடனே ஒத்துக்கொண்டார். தேத்தண்ணி நேரத்தைப் பத்து நிமிடம் கூட்டுங்கள் என்றதும்தான் முகம் மாறியது. “டொக்டர் நோனா, எல்லா நாளும் பத்து நிமிசம் போனா கொழுந்து எப்படி எடுக்கிறது?” என்றார். நான் வாயைத் திறக்கப் போனேன். டொக்டர் கையைக் காட்டி என்னை நிறுத்தி, கட்டம் போட்ட தாளை அவர் முன்னால் வைத்தார்.

“இந்தக் கட்டம் ஒவ்வொண்டும் ஒரு ஆள். ஒரு ஆளுக்கு வருத்தம் வந்தால் ஒரு மாதம் வேலைக்கு வரேலாது. அந்த ஒரு மாதத்தில எத்தினை பத்து நிமிசம் இருக்கெண்டு நீங்களே கணக்குப் பாருங்கோ. முடியுமட்டும் நாங்கள் இருக்கிறம்.”

முகாமையாளர் உண்மையாகவே கணிப்பானை எடுத்துத் தட்டினார். தட்டிவிட்டு மேசையில் கவிழ்த்து வைத்தார். “ஹரி, நோனா” என்று சிங்களத்தில் ஒத்துக்கொண்டார். பத்து நிமிடம் கிடைத்தது! அன்றைக்கு நான் வீட்டுக்குப் போனபோது மோட்டார் சைக்கிள் ரோட்டில் ஓடியதா ஆகாயத்தில் ஓடியதா என்று தெரியாது.

ஆனாலும் பவளத்தின் காரியம் முடியவில்லை. மறுநாள் காலை நானும் டொக்டரும் பெரட்டுக்குப் போனபோது ராணி கேட்டார்: “இனிமே யாருக்கும் வராதுன்னு சொல்லுவீங்களா?”

அங்கேதான் டொக்டரின் துணிச்சலைப் பார்த்தேன். வேறு ஆளாக இருந்தால் வராது என்று சொல்லித் தப்பியிருப்பார். “வரும்” என்றார் அவர். “இன்னும் ஆறேழு கிழமைக்குள்ள சிலருக்கு வரும். அது நீங்கள் ஏற்கெனவே குடிச்ச தண்ணி. கையைச் சோப் போட்டுக் கழுவினா வீட்டில மற்ற ஆக்களுக்குப் போகாது. ஏழு கிழமைக்குப் பிறகு வந்தா நாங்கள் சொன்னது பிழை.”

கூட்டம் சலசலத்தது. பவளம் முன்னால் வந்தார். “அந்த ஏழு கெழமையும் முடியட்டுங்க ஐயா. அதுவரைக்கும் நான் வாளியைத் தொடமாட்டேன். அதுக்குப் பொறகும் யாருக்காச்சும் வந்துச்சுன்னா, நானே மகளைக் கூட்டிக்கிட்டுப் போயிர்றேன்.” எவ்வளவு தடுத்தும் கேட்கவில்லை. அவருக்கு அவ்வளவு ரோசம்.

இனி அந்த ஏழு கிழமை. இரண்டாம் கிழமையில் மூன்று பேர். ராணி என்னைக் கண்டால் விரலை மடித்துக் காட்டுவார். நான்காம் கிழமையில் இரண்டு பேர். எனக்குச் சோறு இறங்கவில்லை. “நோயாளியை விட நீங்க மெலிஞ்சிட்டீங்க” என்றார் சல்மா. ஐந்தாம் கிழமையில் ஒருவர். ஆறாம் கிழமையில் ஒருவரும் இல்லை. ஏழாவதிலும் இல்லை. நான் மூச்சு விடலாம் என்று நினைத்தபோது கங்காணியிடமிருந்து தொலைபேசி. “ஐயா, இன்னொருத்தருக்குக் கண்ணு மஞ்சளாகிருச்சு.” ஏழு கிழமை கழிந்து நான்கு நாள்.

பறந்து போனேன். ஆள் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற ஓர் ஆண். கொழுந்துக் கூட்டத்தில் ஒரு நாளும் தேத்தண்ணி குடிக்காதவர். லயத்து வாசலில் பவளம் நின்றார். பையில் துணி மடித்து வைத்துவிட்டார் என்று பிறகு அறிந்தேன். உள்ளே போய்ப் பார்த்தால், கண் மஞ்சள் மட்டுமல்ல, இரத்தச் சிவப்பும். கெண்டைக்காலைத் தொட்டால் அலறுகிறார். பெட்டிகளை மறந்துவிட்டுக் கேட்டேன்: “போன கிழமைகள்ல எங்க போனீங்க? என்ன வேலை செஞ்சீங்க?” லீவு நாட்களில் ஹுன்னஸ்கிரியப் பக்கம் ஒரு கிராமத்தில் வயல் வேலைக்குப் போயிருக்கிறார். முழங்கால் சேற்றில் நின்ற வேலை, காலில் வெட்டுக்காயம் வேறு.

“இது மஞ்சட்காமாலை இல்ல, எலிக்காய்ச்சல்! வாகனத்தை எடுங்க!” என்று கத்தினேன். எலியின் சிறுநீர் கலந்த சேற்றால் வருவது, பிந்தினால் ஆளையே முடித்துவிடும். அந்த மணித்தியாலமே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது. ஆள் பிழைத்தார். இன்றைக்கும் என்னைக் கண்டால் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டார்.

டொக்டர் இன்னும் இரண்டு கிழமை பொறுத்தார். அதன் பிறகு தாளை என் பக்கம் திருப்பினார். ஏறி, உயர்ந்து, இறங்கி, அதற்குப் பிறகு வெள்ளைக் கட்டங்கள், தாள் முடியும் வரை வெள்ளைக் கட்டங்கள். பெரிய பட்டம் வாங்கியவர்கள் அதைச் சட்டம் போட்டு மாட்டுவார்கள். எனக்கு அந்தத் தாளைத் தந்தார்கள் என்றால் போதும் என்று நினைத்தேன். கேட்கவும் செய்தேன். கந்தோர்ப் பத்திரம், தரமுடியாது என்று சிரித்தார். “பவளத்துக்குச் சொல்லிப்போட்டு வாங்கோ” என்றார்.

அடுத்த நாள் பத்து மணிக்கு நான் மலையில் நின்றேன். மேனகா தேறி வேலைக்குத் திரும்பியிருந்தார், முகம் கொஞ்சம் வாடினபடி. பவளம் வாளியோடு ஏறி வந்து பாதையோரத்தில் வைத்தார். மூடியைத் திறந்ததும் ஆவி எழும்பியது. பெண்கள் கூடையோடு இறங்கி வந்து நின்றார்கள், கிட்ட வரவில்லை. சரோஜாகூட யோசித்தார். பவளத்தின் கை கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றது.

ராணிதான் வந்தார். தன் கோப்பையையும் தங்கையின் கோப்பையையும் சேர்த்து நீட்டினார். பவளம் இரண்டையும் நிறைத்தார். ராணி அங்கேயே நின்று ஒரு வாய் குடித்தார். முகம் கோணலாகப் போயிற்று.

“ஏ பவளம், இது தேத்தண்ணியாடி, நெருப்பா? நாக்கு வெந்துபோச்சு!”

பவளம் தலையை நிமிர்த்தவில்லை. அடுத்த கோப்பைக்குக் கையை நீட்டிக்கொண்டே சொன்னார்:

“ஊதிக் குடிங்க அக்கா. நேரம் இருக்கு.”

ராணி பாதையோரத்துக் கல்லில் குந்தினார். ஊதத் தொடங்கினார்.